விதவை உதவித்தொகை மனு நிராகரிப்பு: திரும்ப மனு போடலாமா, மேல்முறையீடு செய்யலாமா?

பனங்காட்டான்:
எங்கள் தெரு அக்கா ஒருவருக்காகக் கேட்கிறேன். வயது 47, வீட்டுக்காரர் தவறிவிட்டார். இ-சேவை மையம் வழியாக விதவை உதவித்தொகைக்கு மனு போட்டார். ‘தகுதியில்லை, மகன் உள்ளார்’ என்று மட்டும் பதில் வந்திருக்கிறது. மகனுக்கு 19, பாலிடெக்னிக் படிக்கிறான். திரும்ப மனு போடச் சொல்கிறார்கள். வக்கீல் வைக்க வசதியில்லை. என்ன செய்யலாம்?

தாலுகா மேசை:
புது மனு இப்போதைக்கு வேண்டாம். அதே விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்), அதே ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்), அதே அறிக்கைதான் மறுபடி மேலே போகும். முதலில் அந்த அறிக்கையைக் கையில் வாங்குங்கள். சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, தகவல் உரிமைச் சட்டம் 6(1)-ன் கீழ் ஒரு பக்க மனு. நிராகரிப்பு ஆணையின் நகல், விஏஓ, ஆர்ஐ அறிக்கைகளின் நகல், எந்த அரசாணையின் எந்தப் பிரிவுப்படி தள்ளினார்களோ அந்தப் பக்கத்தின் நகல். அவ்வளவுதான். ‘ஏன் தள்ளினீர்கள்?’ என்று கேட்டால் ‘இது தகவல் ஆகாது’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள், நகலாகவே கேளுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

அதற்காகக் காத்திருக்காமல், உதவித்தொகை நிராகரிப்பை எதிர்த்துக் கோட்டாட்சியருக்கும் மேல்முறையீடு எழுதுங்கள். மகன் இருப்பதை மறைக்க வேண்டாம், சம்பாதிக்கவில்லை என்று காட்டுங்கள்: கல்லூரியில் வாங்கிய படிப்புச் சான்று, கட்டண ரசீது. இன்னொன்றையும் பாருங்கள். இறப்புச் சான்றில் ‘மு. கருப்பையா’, ஆதாரில் ‘கருப்பையா எம்’ என்று இருந்தாலே கோப்பு நின்றுவிடும். ரேஷன் கார்டில் கணவர் பெயர் இன்னும் நீக்கப்படாமல் இருந்தால் அதையும் முதலில் சரிசெய்யுங்கள்.

கீழவாசல்:
மேலே சொன்னதோடு ஒன்று. 40 முதல் 79 வயதுக்குள் இருந்து, வறுமைக்கோட்டுப் பட்டியலிலும் பெயர் இருந்தால் இந்திரா காந்தி தேசிய விதவை ஓய்வூதியத்தில் வருவார். மத்திய அரசின் பங்கு 300 ரூபாய்தான், மீதி மாநிலம் போடும். மனு எந்தத் திட்டத்தின் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று ஒப்புகைச் சீட்டில் பாருங்கள். மையத்தில் அவசரத்தில் வேறு திட்டத்தைத் தட்டிவிடுவது சகஜம்.

பனங்காட்டான்:
நன்றி சார். இலவச வக்கீலுக்கு வருமானச் சான்று கேட்பார்களா?

தாலுகா மேசை:
பெண்ணுக்குத் தேவையில்லை. சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் 1987, பிரிவு 12-ல் பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கும் அப்படித்தான். கோர்ட் வளாகத்தில் இருக்கும் வட்டச் சட்டப்பணிகள் குழுவில் மனு கொடுங்கள். வழி தெரியாவிட்டால் சட்ட உதவி எண் 15100-க்குப் போன் செய்யுங்கள். நியமிக்கப்படும் வக்கீலுக்கு ஆணையமே பணம் தரும். ‘டைப்பிங் செலவு’ என்று உங்களிடம் கேட்டாலும் கொடுக்காதீர்கள், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணையச் செயலாளரிடம் எழுத்தில் சொல்லி வேறு வக்கீல் கேளுங்கள்.

கீழவாசல்:
கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர் நாள் மனுவும் போடுங்கள். அது சுற்றிச் சுற்றி அதே வட்டாட்சியரிடம்தான் வரும், அதனால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் மனு எண் முக்கியம். மேல்முறையீட்டுக்கும் பதிலே இல்லையென்றால் ‘என் மனுவைப் பரிசீலித்து முடிவெடுக்க உத்தரவிடுங்கள்’ என்று உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம். தென் மாவட்டம் என்றால் மதுரைக் கிளை. அங்கேயும் சட்டப்பணிகள் குழு உண்டு. அங்கே முதலில் கேட்பது, மனு கொடுத்தீர்கள் என்பதற்கு ஆதாரம். ஆகவே நேரில் கொடுக்கும் ஒவ்வொரு மனுவுக்கும் இரண்டாம் படியில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம், பெறுதல் ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை மனுவின் படியோடு பின் பண்ணி வையுங்கள்.