ஹ்விட்ரெஸ்க்: சாரினென் வீடா, மூவர் வீடா?

வடகரை:
ஹெல்சின்கி போய்வந்தவர்கள் இங்கே போடும் பதிவு எதைத் திறந்தாலும் அந்நகருக்குப் பக்கத்தில் உள்ள ஹ்விட்ரெஸ்க் வீட்டைச் "சாரினென் வீடு" என்றே எழுதியிருக்கிறது. எனக்குப் பொறுக்கவில்லை. கிர்க்கோனும்மி காட்டுக்குள், ஏரியைப் பார்த்த மேட்டில், 1901 முதல் 1903 வரை அதைக் கட்டியவர்கள் மூன்று கட்டடக்கலைஞர்கள்: ஹெர்மன் கெசெலியுஸ், அர்மாஸ் லிண்ட்கிரென், எலியெல் சாரினென். 1900 பாரிஸ் கண்காட்சியில் ஃபின்லாந்தின் கூடத்தை வடிவமைத்துப் பேர் வாங்கிய அதே மூவர். தெற்குப் பகுதியில் சாரினென், வடக்கில் லிண்ட்கிரென், முற்றத்துக்கு அந்தப் பக்கம் தனி வீட்டில் கெசெலியுஸ், பிரதான வீட்டின் நடுவே பொதுவான ஸ்டுடியோ. ஹெல்சின்கியின் தேசிய அருங்காட்சியகமும் இந்த மூவரின் வடிவமைப்புதான். இரண்டு பேரை அழித்துவிட்டு ஒருவர் பெயரை மட்டும் எழுதுவது அநியாயம்.

கல்மண்டபம்:
யாரும் யாரையும் அழிக்கவில்லை, வடகரை அண்ணா. வீட்டைக் கட்டுவது வேறு, அதில் ஒரு வாழ்க்கையே வாழ்வது வேறு. லிண்ட்கிரென் 1905லேயே மூவரின் தொழில் கூட்டிலிருந்து விலகிவிட்டார். சாரினெனுக்குக் கெசெலியுஸுடன் இருந்த கூட்டும் 1907ல் முடிந்தது, 1916ல் கெசெலியுஸ் காலமானார். சாரினென் மட்டும் 1923ல் அமெரிக்கா போகும்வரை அங்கேயே இருந்தார். போன பிறகும் கோடைக்கு வந்துகொண்டிருந்தார். மகன் ஈரோ சிறுவனாக வளர்ந்ததும் அங்கேதான். இன்று உள்ளே போனால் பார்ப்பது அந்தக் குடும்பத்தின் கூடம், சாப்பாட்டு அறை, படுக்கையறை. கூடத்துச் சுவரிலிருந்து இருக்கைமேல் வழிந்து இறங்கும் ஓவியர் கல்லென்-கல்லெலாவின் 'சுடர்' விரிப்பை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அந்த அறைகளில் நின்றவர் "சாரினென் வீடு" என்று எழுதினால் அதில் என்ன தப்பு?

தறிநாடா:
இரண்டு பேரும் ஆண்களை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். லோயா எங்கே?

1904ல் சாரினெனின் முதல் மனைவி மாத்தில்டா அவரைப் பிரிந்து கெசெலியுஸை மணந்தார். அதே வருஷம் சாரினென், கெசெலியுஸின் தங்கை லோயாவை மணந்தார். நம் ஆட்கள் இதை மட்டும் கிசுகிசுவாக நாலு பத்தி எழுதுவார்கள். லோயா சிற்பம் படித்தவர், கணவரின் கட்டடங்களுக்கு மாதிரிகள் செய்தவர், துணி வடிவமைத்தவர் என்று ஒரு வரி வராது. அமெரிக்காவில் கிரான்புரூக் கல்வி வளாகத்தில் நெசவுக்கூடம் நடத்தி, அந்தக் கட்டடங்களுக்கு விரிப்பும் திரையும் நெய்து கொடுத்தார். சுவர், இருக்கை, விளக்கு, துணி எல்லாம் ஒரே கையின் வேலைபோல இருக்க வேண்டும் என்பதுதான் ஹ்விட்ரெஸ்க்கின் கொள்கையே. அப்படிப்பட்ட வீட்டைப் பற்றி எழுதும்போது துணியை மட்டும் அலங்காரம் என்று ஒதுக்கினால் வீட்டையே புரிந்துகொள்ளவில்லை என்று அர்த்தம்.

கல்மண்டபம்:
தறிநாடா அக்கா, லோயா விஷயத்தில் உங்கள் கட்சிதான். ஆனால் அது வடகரை அண்ணாவின் வாதத்துக்கு உதவாது. லோயாவும் சாரினென்தானே!

தறிநாடா:
பிறந்தது கெசெலியுஸ் வீட்டில், தம்பி. அதையும் சேர்த்து எழுதுங்கள்.

வடகரை:
முக்கியமான ஒன்றைக் கல்மண்டபம் சொல்லாமல் விடுகிறார். லிண்ட்கிரென் மறக்கப்பட்டதற்கு அவர் விலகியது மட்டும் காரணமில்லை. அவர் இருந்த வடக்குப் பகுதி, மரக்கோபுரத்தோடு, 1922ல் எரிந்துபோனது. கீழே கருங்கல், மேலே மரச்சுவர் என்று எழும்பிய அந்த வீட்டின் உருவத்தையே தாங்கி நின்றது அந்தக் கோபுரம். பழைய படங்களைப் பாருங்கள், பாதி வீடு போனது தெரியும். அதை மறுபடி எழுப்ப வேண்டும் என்பது என் கட்சி. கண்ணில் படாதவனை ஜனங்கள் எப்படி நினைப்பார்கள்?

கல்மண்டபம்:
இதற்குத்தான் நான் கடைசிவரை ஒப்புக்கொள்ள மாட்டேன். எரிந்த இடத்தில் பிற்பாடு எழுந்தது ஈரோவின் வடிவமைப்பு. பின்னாளில் செயின்ட் லூயிஸ் வளைவையும் நியூயார்க் டி.டபிள்யூ.ஏ. விமான முனையத்தையும் வரைந்த கை அது. லிண்ட்கிரெனுக்கு நியாயம் செய்வதற்காக அந்த இளைஞனின் ஆரம்ப வேலையை இடிப்பீர்களா? புதிதாக எழுப்பும் கோபுரம் லிண்ட்கிரென் கட்டியதும் ஆகாது, இன்றைய தச்சர்கள் கட்டியதாகத்தான் இருக்கும்.

வடகரை:
இடிக்கச் சொன்னேனா? சரி, எழுப்பினால் இடிக்காமல் முடியாது என்பது உண்மைதான். கோபுரத்தை விடுகிறேன். ஆனால் பெயரை விடமாட்டேன். இந்தக் குழுவின் ஊர்க்குறிப்பில் தலைப்பைக் "கெசெலியுஸ், லிண்ட்கிரென், சாரினென் வீடு" என்று மாற்றுங்கள். தீ விபத்துக்கு முந்தைய படம் ஒன்றை முதலில் போடுங்கள். முற்றத்தில் நின்று வடக்கே பார்க்கிறவருக்கு அங்கே என்ன இருந்தது என்று தெரியட்டும்.

கல்மண்டபம்:
படம் போடலாம், சம்மதம். தலைப்பில் சாரினென் பெயர்தான் முதலில் வர வேண்டும்.

தறிநாடா:
தலைப்பில் "ஹ்விட்ரெஸ்க்" மட்டும் போதும். கீழே நான்கு பெயர், நான்காவது லோயா. இன்றிரவு நானே திருத்திவிடுகிறேன், ஆட்சேபம் இருந்தால் அதற்குள் சொல்லுங்கள்.