அப்டேட்: திருமணிமுத்தாறு சாயத்தண்ணி மேட்டர்

எங்க தெரு கிணத்துல சாயத்தண்ணி கலந்து கலரா வருது, கேஸ் போட வழி இருக்கானு முன்னாடி கேட்டிருந்தேன்ல, அதோட அப்டேட் இது. காசு வாங்காம சுற்றுச்சூழல் கேஸ் எடுக்குற வக்கீல் டீம் ஒண்ணை பார்த்தோம், அதுல இருந்த வக்கீல் மேடம் முதல்ல கேட்டதே எப்போலருந்து இப்படி வருதுனுதான், ஏன்னா 2010 தேசிய பசுமைத் தீர்ப்பாய (சுற்றுச்சூழல் கேஸுக்குன்னே இருக்குற கோர்ட் மாதிரி) சட்டம் பிரிவு 14ல பிரச்சனை முதல்ல ஆரம்பிச்சதுலருந்து 6 மாசத்துக்குள்ள மனு போடணுமாம், தகுந்த காரணம் இருந்தா இன்னும் 60 நாள், அதுக்கு மேல கிடையாது. நஷ்டஈடுன்னா பிரிவு 15, அதுக்கு 5 வருஷம். இந்த கெடு தெரியாமலே எத்தனை ஊரு ஜனங்க உரிமையை விட்டிருப்பாங்கனு நினைச்சா வயிறு எரியுது.

நஷ்டஈடு கேக்காத மனுவுக்கு ஃபீஸ் 1000 ரூபாதான், விசாரணை தீர்ப்பாயத்தோட சென்னை அமர்வுல. 1996ல வேலூர் தோல் தொழிற்சாலை கேஸ்ல மாசு பண்ணவங்கதான் செலவை ஏத்துக்கணும்னு சுப்ரீம் கோர்ட் சொன்னதைத்தான் முக்கியமா வைக்கப் போறாங்க.

தண்ணி சாம்பிள் லேபுக்கு போயிருக்கு. ஆத்தோரமா இருக்கறவங்க யார்கிட்டயாவது தேதியோட போட்டோ, தோல் அரிப்புக்கு ஆஸ்பத்திரி போன சீட்டு இருந்தா தூக்கிப் போட்றாதீங்க, எனக்கு மெசேஜ் பண்ணுங்க.