4 இஞ்ச் போர்வெல் பம்பில் மாடல் பெருகிவிட்டது, ஸ்டாக்கை எப்படி அடக்குவது?

கேள்வி: கோவையில் சின்ன யூனிட். 4 இஞ்ச் சப்மெர்சிபிள் பம்ப், 0.75 எச்.பி. முதல் 3 எச்.பி. வரை. ஸ்டேஜ் (தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் சக்கரம் எத்தனை அடுக்கு என்பது), அவுட்லெட், சிங்கிள் பேஸ், த்ரீ பேஸ் என்று பிரிந்து விலைப்பட்டியலில் 90 மாடலைத் தாண்டிவிட்டது. கோடையில் குடோன் நிறையச் சரக்கு இருக்கும், டீலர் கேட்பது மட்டும் இருக்காது. 1.5 எச்.பி.யில் 12 ஸ்டேஜ் கேட்பார். அடுக்கியிருப்பது 15 ஸ்டேஜ். மாடலைக் குறைக்கலாம் என்றால் சேல்ஸ் ஆட்கள் சண்டைக்கு வருகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில் 1: சார், மாடலை விடுங்கள், பாகத்தை எண்ணுங்கள். ஒரே இம்பெல்லர் வகைக்குள் ஸ்டேஜ் கூடினால் இம்பெல்லரும், அதைச் சுற்றி இருக்கும் டிஃப்யூசர் கிண்ணமும் எண்ணிக்கையில் கூடும். ஷாஃப்ட், வெளிக்குழாய், கேபிளை மூடும் கார்டு தகடு, இவற்றின் நீளம் மாறும். மற்றதெல்லாம் பொது. மோட்டாரிலும் ஸ்டாம்பிங் (உள்ளே அடுக்கும் இரும்புத் தகடு) ஒன்றேதான் இருக்கும், அந்த அடுக்கின் நீளமும் வைண்டிங்கும்தான் வேறு. பம்பையும் மோட்டாரையும் ஏன் சேர்த்துப் பேக் செய்து வைக்கிறீர்கள்? தனித்தனியாக ஸ்டாக் வையுங்கள். ஆர்டர் வந்ததும் இரண்டையும் கப்ளிங் மாட்டி இணைத்து, டெஸ்ட் செய்து, நேம் பிளேட் அடித்து அனுப்பலாம். மோட்டார் பத்து வகைக்குள் அடங்கிவிடும்.

பதில் 2: நான் திருப்பூர், பம்ப் தெரியாது. ஆனால் இத்தாலிய ஆடை நிறுவனம் பெனட்டன் ஸ்வெட்டரில் செய்ததும் இதுதான்: சாயமில்லாமல் பின்னி வைத்துக்கொண்டு, எந்த நிறம் ஓடுகிறது என்று பார்த்துச் சாயம் ஏற்றினார்கள்.

பதில் 3: யோசனை சரி. ஆனால் ஐ.எஸ்.ஐ. முத்திரை போடுகிறீர்களா? ஐ.எஸ். 8034 பம்பும் மோட்டாரும் சேர்ந்த சப்மெர்சிபிள் பம்ப்செட்டுக்கான தரம். எந்தப் பம்போடு எந்த மோட்டார் என்பது லைசென்ஸில் உள்ளபடிதான் இருக்க வேண்டும். கப்ளிங் பொருந்துகிறது என்பதற்காக எதையும் எதோடும் மாட்டிவிடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்: நன்றி. கப்ளிங் எல்லாம் நெமா (அமெரிக்க மோட்டார் தரம்) அளவுதான், அதனால் மாட்டுவதில் சிரமமில்லை. லைசென்ஸில் உள்ள ஜோடிகளைச் சுவரில் ஒட்டிவிடுகிறேன். எப்போதாவது ஒன்று இரண்டு போகும் மாடலை என்ன செய்வது?

பதில் 1: நிறுத்தவே வேண்டாம், சேல்ஸோடு வம்பு எதற்கு? ஸ்டாக்கில் மட்டும் வைக்காதீர்கள். பட்டியலில் அதற்கு நேரே "ஆர்டரின் பேரில், 10 நாள்" என்று போட்டு விலையைக் கொஞ்சம் ஏற்றுங்கள். பாதி டீலர்கள் தானாகவே பக்கத்து மாடலுக்கு வந்துவிடுவார்கள். ஆனால் ஹெட் (தண்ணீரை ஏற்றும் உயரம்) பொருந்துகிறதா என்று நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். 100 மீட்டருக்குக் கேட்டவருக்கு 70 மீட்டர் பம்ப் போனால் அப்புறம் சரக்கு திரும்பித்தான் வரும்.