மகன் படிக்கும் கல்லூரி என்னிடம் பேசவே மறுக்கிறது, என்ன செய்வது?

கரூர் ஜவுளிக்காரர் எழுதியது:

என் மகன் அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்து வாங்கிய கல்விக்கடனில் படிப்பு ஓடுகிறது. வட்டி மாதாமாதம் என் கணக்கிலிருந்து போகிறது.

டிசம்பரில் பருவத் தேர்வு முடிந்தது. மார்க் வந்ததா என்று கேட்டால் ‘அனுப்புகிறேன் அப்பா’ என்பான். பொங்கலும் போய்விட்டது. வங்கியிலும் மதிப்பெண் பட்டியல் கேட்டு இரண்டு தடவை ஆள் பேசிவிட்டார். சென்ற வாரம் இரவு எட்டரை மணிக்கு, அதாவது அங்கே காலை பத்து மணிக்கு, கடையைச் சாத்திவிட்டு நானே பதிவாளர் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். சொல்ல வேண்டியதை ஆங்கிலத்தில் பில் புத்தகத்தின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொண்டுதான் பேசினேன். எடுத்த பெண்மணி மரியாதையாகத்தான் பேசினார். மாணவர் எண் சொன்னேன், பிறந்த தேதி சொன்னேன், பணம் கட்டிய ரசீது எண்ணும் சொன்னேன். ‘அந்தப் பெயரில் பகிர்ந்துகொள்ள எங்களிடம் எந்தத் தகவலும் இல்லை’ என்றார். மார்க்கை விடுங்கள், அவன் அங்கே படிக்கிறானா என்றாவது சொல்லுங்கள் என்றேன். மறுபடி அதே வாக்கியம். எனக்குக் கை நடுங்கிவிட்டது.

என் மகள் கோவையில் படிக்கிறாள். முதல் மணி வகுப்புக்கு அவள் போகவில்லை என்றால் இரண்டாம் மணி முடிவதற்குள் என் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்துவிடும். அங்கே மட்டும் ஏன் இப்படி? பணம் கட்டும் தகப்பனுக்கு உரிமை உண்டா இல்லையா? வக்கீல் வைத்துக் கேட்கலாமா? அவன் படிக்கிறான் என்பதைக்கூட ஏன் சொல்லவில்லை? இந்தக் கடைசிக் கேள்விதான் இராத்திரி தூங்க விடவில்லை.

கோப்பறை எழுதியது:

ஐயா, முதலில் உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். அங்கே ஒரு பல்கலைக்கழகத்தின் பதிவாளர் அலுவலகத்தில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். அந்த வாக்கியத்தை நானே நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். அதற்கு ‘உங்கள் மகன் இங்கே இல்லை’ என்று பொருள் இல்லை. இல்லாத மாணவனுக்கும், தன்னைப் பற்றி எதையும் சொல்லாதீர்கள் என்று எழுதிக் கொடுத்த மாணவனுக்கும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே அது அப்படி இருக்கிறது. இரண்டுக்கும் வேறு வேறு பதில் சொன்னால் பதிலிலேயே விஷயம் வெளியாகிவிடும் அல்லவா?

அந்த நாட்டில் ஃபெர்பா என்று, மாணவர்களின் கல்விப் பதிவேடுகளை யார் பார்க்கலாம் என்று சொல்லும் ஒரு சட்டம் இருக்கிறது. 1974-இல் நியூயார்க் செனட்டர் ஜேம்ஸ் பக்லி கொண்டுவந்தது, அதிபர் ஃபோர்டு கையெழுத்திட்டது. பள்ளிக்கூடம் வரைக்கும் பிள்ளையின் பதிவேடுகள் மீதான உரிமை பெற்றோருக்கு. பதினெட்டு வயது நிறைந்த அன்றோ கல்லூரியில் சேர்ந்த அன்றோ, எது முந்துகிறதோ அன்று, அந்த உரிமை அப்படியே பிள்ளையின் கைக்கு மாறிவிடும். பதினேழு வயதில் கல்லூரிக்கு வந்தவனுக்கும் அப்படித்தான். பணம் யார் கட்டுகிறார்கள் என்பதை இந்த உரிமை பார்ப்பதே இல்லை. மார்க், வருகை, ஒழுங்கு நடவடிக்கை எதுவானாலும் அவன் தேதி போட்டுக் கையெழுத்திட்ட சம்மதம் வேண்டும்.

பெயர், படிக்கும் துறை, சேர்ந்திருக்கிறானா என்பது போன்ற பொதுவான விவரங்களைச் சம்மதம் இல்லாமலும் சொல்லலாம். ஆனால் அதையும் தடுக்க மாணவனுக்கு உரிமை உண்டு. அப்படித் தடுக்கச் சொல்லும் படிவத்தின் கட்டத்தில் உங்கள் மகன் டிக் போட்டிருக்கிறான் என்று நினைக்கிறேன். உடனே மனம் உடைந்துவிடாதீர்கள். எங்கள் அலுவலகத்தில் அப்படித் தடுத்தவர்களில் அப்பாவுக்குப் பயந்து தடுத்தவர்கள் மிகக் குறைவு. கடன் அட்டை விற்பவர்களின் தொல்லை தாங்காமல் தடுத்தவர்கள் உண்டு. முன்னாள் காதலன் தேடி வருகிறான் என்று தடுத்த பெண்கள் உண்டு. முதல் வாரத்தில் எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டுவிட்டு, பிறகு பட்டமளிப்பு விழா மலரில் தன் பெயரைக் காணோமே என்று சண்டைக்கு வந்தவர்களும் உண்டு!

உங்களுக்கு உரிமை உண்டா என்றால், அமெரிக்கத் தகப்பனுக்கே உரிமை கிடையாது. வருமான வரிக் கணக்கில் மகனைத் தன்னைச் சார்ந்தவன் என்று காட்டியிருந்தால் கல்லூரி விரும்பினால் சொல்லலாம், சொல்லியே ஆக வேண்டும் என்பதில்லை. நீங்கள் கரூரில் வரி கட்டுகிறவர். அந்த வாசல் உங்களுக்குத் திறக்காது. இருபத்தொரு வயதுக்குள் மது, போதை விவகாரத்தில் மாட்டினால் பெற்றோருக்குச் சொல்லலாம் என்று 1998-இல் சேர்த்தார்கள். இன்னொன்று, உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து என்ற நிலை. 2007-இல் வர்ஜீனியா டெக் வளாகத்தில் ஒரு மாணவன் 32 பேரைச் சுட்டுக் கொன்ற பிறகு, தனியுரிமைச் சட்டத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டு ஆளாளுக்கு வாயை மூடிக்கொண்டிருந்தார்கள் என்று விசாரணையில் தெரிந்தது. அடுத்த ஆண்டே அந்த விதியைத் தளர்த்தினார்கள். ஆகவே அவன் உயிருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் இருந்தால் மார்க் கேட்காதீர்கள், மாணவர் நல அலுவலகத்தைக் கூப்பிட்டு ‘மூன்று நாளாகப் பேசவில்லை, போய்ப் பாருங்கள்’ என்று சொல்லுங்கள். உங்களுக்குப் பதில் சொல்லத்தான் தடை. நீங்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்ள அவர்களுக்கு எந்தத் தடையும் இல்லை.

வக்கீல் வேண்டாம். இந்தச் சட்டத்தை மீறினார்கள் என்று மாணவனே தனியாக வழக்குப் போட முடியாது என்று 2002-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கல்வித் துறையிடம் புகார்தான் கொடுக்கலாம். உங்கள் விஷயத்தில் அதுவும் இல்லை. அந்தப் பெண்மணி தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார்.

காந்திபுரம் எழுதியது:

அருமையான சட்டம். வீட்டை அடகு வைப்பது நாம், கதவைச் சாத்துவது அவர்கள். அடுத்த பருவத்துக்குப் பணம் அனுப்பாதீர்கள். மார்க் தானாக வரும்.

இண்டியானா மாணவன் எழுதியது:

ஐயா, பணத்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். கட்டணப் பாக்கி இருந்தால் அடுத்த பருவத்துக்குப் பாடங்களைப் பதிவு செய்ய விடாமல் நிறுத்தி வைப்பார்கள். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருக்கும் இளநிலை மாணவன் பருவத்துக்குப் பன்னிரண்டு கிரெடிட்டாவது (பாடச் சுமையை அளக்கும் அலகு) படிக்க வேண்டும். முன் அனுமதி இல்லாமல் அதற்குக் கீழே போனால் விசா நிலையே போய்விடும். இங்கே ஒரு வேடிக்கை: உங்களுக்குச் சொல்லக் கூடாத இதே விவரத்தை அமெரிக்க அரசின் குடியேற்றத் துறைக்குக் கல்லூரி சொல்லியே ஆக வேண்டும். அதற்கு என் சம்மதத்தை யாரும் கேட்பதில்லை.

பிள்ளையின் பக்கத்திலிருந்தும் ஒரு வார்த்தை. இந்தச் சட்டம் அப்பாவுக்குக் கதவைச் சாத்துவதற்கு மட்டும் இருப்பதாக நானும் நினைத்திருந்தேன். கல்லூரி வைத்திருக்கும் என் கோப்பை நானே பார்க்கலாம் என்பது இரண்டாம் ஆண்டில்தான் தெரிந்தது. எழுத்தில் கேட்டால் நாற்பத்தைந்து நாளுக்குள் காட்ட வேண்டும். 2015-இல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் சிலர் இதே சட்டத்தைக் காட்டித் தங்கள் சேர்க்கைக் கோப்புகளைக் கேட்டு வாங்கிய பிறகு பல கல்லூரிகளில் மாணவர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். நானும் கேட்டேன். முப்பத்தெட்டாம் நாள் ஒரு சின்ன அறையில் உட்கார வைத்தார்கள். எதிரே ஓர் ஊழியர், மேசைமேல் மெல்லிய ஒரு கோப்பு. போட்டோ எடுக்கக் கூடாது, குறிப்பு எழுதிக்கொள்ளலாம்.

சேர்க்கை விண்ணப்பத்தோடு நான் அனுப்பிய கட்டுரையைப் படித்தவர் ஓரத்தில் இரண்டே வரி எழுதியிருந்தார். நான் ராத்திரி பகலாக எழுதிய கட்டுரை! அதைவிட, பள்ளியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஊரிலுள்ள ஒரு பள்ளியின் பெயர் இருந்தது. எழுதிக் கொடுத்தேன், திருத்தினார்கள். இப்படிப் பதிவில் விழுந்த பிழையைத் திருத்தக் கேட்கலாம். மறுத்தால் விசாரணை கேட்கலாம், அதிலும் தோற்றால் நம் மறுப்பை எழுதிக் கோப்போடு சேர்த்து வைக்கச் சொல்லலாம். ஆசிரியர் போட்ட ‘பி’ எனக்குப் பிடிக்கவில்லை என்பதற்கு இந்த வழி உதவாது. ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்களையும் நான் பார்க்கவில்லை. விண்ணப்பிக்கும்போதே அந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், என்னவென்று படிக்காமலே.

கல்லூரி இணையதளத்தில் உங்கள் மகனின் கணக்குக்குள் ‘பார்வையாளர் அனுமதி’ என்று ஓர் இடம் பெரும்பாலும் இருக்கும். கட்டணம் மட்டும், மார்க் மட்டும், இரண்டும் என்று அவன் பிரித்துக் கொடுக்கலாம். என் அப்பாவுக்கு நான் கட்டணம் மட்டும்தான் கொடுத்திருக்கிறேன். மார்க் வந்ததும் நானே கூப்பிட்டுச் சொல்லிவிடுவேன். கெட்ட மார்க் என்றால் ஒரு நாள் கழித்துச் சொல்வேன். அந்த ஒரு நாள் எனக்கு வேண்டும்.

நெல்லை ஓய்வூதியர் எழுதியது:

நான் இங்கே அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றின் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். தேர்வு முடிவு வந்தால் பெயர், பதிவெண், மார்க் எல்லாவற்றையும் தட்டச்சு செய்து அறிவிப்புப் பலகையில் நானே பசை தடவி ஒட்டியிருக்கிறேன். வழியில் போகிறவனும் நின்று படிப்பான். தம்பி இருக்கும் நாட்டில் அப்படி ஒட்டியிருந்தால் சட்டமீறல். அப்போது எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை.

நம் ஊரில் தகப்பனுக்கு எல்லாம் தெரியும், பிள்ளைக்குத்தான் தன் விடைத்தாள் தெரியாது. 2011 ஆகஸ்டில் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம், திருத்திய விடைத்தாளும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி ‘தகவல்’தான், எழுதியவர் கேட்டால் காட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அதன் பிறகு எங்கள் கல்லூரி மாணவி ஒருத்தி பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிப் பல்கலைக்கழகத்துக்கு மனுப் போட்டாள். 38 மார்க், தோல்வி. நகல் வந்ததும் என் மேசைக்குக் கொண்டுவந்து விரித்தாள். உள்ளே பதினான்காம் கேள்விக்குச் சிவப்பு மையில் 7 போட்டிருந்தது, முன்பக்கக் கட்டத்தில் அந்த இடம் காலி. அவ்வளவுதான், கூட்டலில் விட்டுப்போயிருக்கிறது. 45 ஆனது, தேறிவிட்டாள்.

அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் அறிவிக்கையே வெளியிட்டது. இன்னமும் பீரோவில் பூட்டி வைத்துக்கொண்டு ‘பாக்கியைக் கட்டு’ என்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பீரோச் சாவி என் இடுப்பிலும் இருந்திருக்கிறது, அதனால் சொல்கிறேன்.

கரூர் ஜவுளிக்காரர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கோப்பறை அம்மா எழுதியதை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். காந்திபுரம் சொன்னதையும் ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மகனிடம் பேசினேன். மார்க் என்ற வார்த்தையை எடுக்கவில்லை. வங்கியில் கேட்கிறார்கள், என்ன சொல்லட்டும் என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அவனே தன் கணினித் திரையை எனக்குக் காட்டினான். நான்கு பாடத்தில் தேறியிருக்கிறான். ஐந்தாவதில் ஆங்கில ‘டபிள்யூ’ எழுத்து, அதாவது பாதியில் விலகியது. பன்னிரண்டு கிரெடிட் இருக்கிறதா என்று கேட்டேன். ‘உங்களுக்கு எப்படி அப்பா இது தெரியும்?’ என்றான். பன்னிரண்டு சரியாக இருக்கிறது. அந்தப் பாடத்தைக் கோடையில் மறுபடி எடுக்கிறானாம். அந்த டிக் பற்றியும் கேட்டேன். சேர்ந்த வாரம் யாரோ சீனியர் எல்லோரையும் போடச் சொன்னாராம்.

பார்வையாளர் அனுமதியில் கட்டணம் மட்டும் கொடுத்திருக்கிறான். இண்டியானா தம்பி சொன்னது போலவே. நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

அதே திரையில் கீழே, அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டிய எண் என்று ஒன்று இருந்தது. பார்த்தால் எங்கள் பழைய கடையின் தரைவழிப் போன். அதைத் துண்டித்து ஐந்து வருடம் ஆகிறது. உயிருக்கு ஆபத்து என்றால் சட்டமே கூப்பிட அனுமதித்தாலும் மணி எங்கே அடித்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். உடனே மாற்றச் சொன்னேன். மாற்றிவிட்டான். என் எண் இல்லை, அவன் அம்மாவின் எண்.