தங்க வண்டு பழுப்பானது: இலை வண்டுகளை இனங்கண்ட அனுபவங்கள்

1
இன்னும் உறுத்துகிறது, அதனால் எழுதுகிறேன். சர்க்கரைவள்ளி இலையில் ஆமை வண்டு (இலை வண்டுகளில் ஒரு வகை), தங்க முலாம் பூசியது போல. என் விரலின் நிழல் பட்டதும் கால்களையும் உணர்கொம்புகளையும் உள்ளிழுத்து இலையோடு ஒட்டிக்கொண்டது. பிடித்து ஊசியில் குத்தி உலரவைத்தேன். சில நாள் கழித்துப் பெட்டியைத் திறந்தால் மங்கிய பழுப்பு வண்டு! அந்த மினுமினுப்பு, மேலுறையின் மெல்லிய அடுக்குகளில் ஈரம் இருக்கும்வரைதான். உயிரோடு ஒரு படம்கூட எடுக்கவில்லை.

2
நிறத்தை நம்பியதுதான் தவறு, நண்பரே. நானும் சிவப்பில் கரும்புள்ளி கண்டு, ஓர் இலை வண்டைப் பொறிவண்டு என்று குறித்து வைத்திருந்தேன். அது இலையைக் கடித்துத் துளையிடுவதைப் பார்த்த பிறகே சந்தேகம் வந்தது. முதலில் பாதத்தைப் பாருங்கள். இலை வண்டுக்குக் கணுக்கள் ஐந்து, ஆனால் நான்காகத்தான் தெரியும். இரு மடலாக விரிந்த மூன்றாவது கணுவுக்குள் குட்டி நான்காவது ஒளிந்திருக்கும். பொறிவண்டின் உணர்கொம்பு குட்டை, நுனி தடித்தது. இலை வண்டுக்குப் பெரும்பாலும் நூல் போல நீளும். நீள்கொம்பு வண்டுகளுக்கும் இதே பாதம்தான் என்பதால் பாதத்தோடு நிறுத்திவிடாதீர்கள். எந்தச் செடியில் இருந்தது என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். வயிற்றுப் பக்கத்தையும் படம் எடுங்கள். அருகில் புழு இருந்தால் அதையும் விடாதீர்கள். ஆமை வண்டின் புழு தன் எச்சத்தையே முதுகில் குடையாகச் சுமந்து திரியும், அது ஒன்றே பெரிய தடயம்.

3
பாதம் குடும்பத்தின் பக்கம் கொண்டுபோகும், அதற்குமேல் சொல்லாது. மேலே உள்ளவர், முதலில் எழுதியவரைத் திருத்திய விதம் சற்றுக் கடுமை. உலர்ந்தால் நிறம் போகும் என்பது தெரியாமல் எத்தனையோ பேர் ஏமாந்திருக்கிறோம். நான் கலெருசினே (இலை வண்டுகளில் ஒரு பிரிவு) என்று சீட்டு எழுதிய நீல வண்டு ஒன்றின் பின்தொடை கொஞ்சம் பருத்திருந்தது. பிளந்து நுண்ணோக்கியில் வைத்தேன். உள்ளே சுருள்வில் போல வளைந்த கடினமான ஓர் உறுப்பு! 1929இல் பூச்சியியலாளர் மௌலிக் விவரித்த அதே உறுப்பு, தாவும் தெள்ளு வண்டுகளுக்கு உரியது. அன்று இரவே பழைய சீட்டுகள் அத்தனையையும் எடுத்து மறுபடி பார்த்தேன். சிற்றினம் தெரிய ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்துப் பார்க்காமல் பல சமயம் வழியில்லை.

4
என்னிடம் இருப்பது பயறு துளைத்து வெளிவந்த வண்டு. விதையில் வட்டமாக ஒரு மூடி அசைந்தது, திறந்தது, தலை எட்டிப் பார்த்தது. பழைய நூல்களில் தனிக் குடும்பம்; இப்போது இலை வண்டுக் குடும்பத்துக்குள்ளேயே ஒரு துணைக்குடும்பம். பெட்டியில் அதை ஆமை வண்டுக்குப் பக்கத்தில் வைக்க இன்னும் கை வரவில்லை.