12 லட்சம் வரைக்கும் வரி இல்லைங்களாம். எங்க வீட்டுக்கு இதுல என்னங்க இருக்கு?

பில்_ஏத்துறவ (திருப்பூர்) – 3 பிப்ரவரி 2025

சனிக்கிழமை எங்க கம்பெனியில சம்பள நாள். அக்கவுன்ட்ஸ்ல நாங்க நாலு பேரும் டைலர், செக்கிங், பேக்கிங்னு பிரிச்சு கவர் போட்டுட்டு இருந்தோம். மெர்ச்சண்டைசிங் மேனேஜர் அண்ணா மட்டும் ஃபோனைச் சுவத்துல சாத்தி வெச்சு பட்ஜெட் பார்த்துட்டு இருந்தாரு. 12 மணி தாண்டியிருக்கும், "12 லட்சம் வரைக்கும் வரி இல்லை!"ன்னு கத்திட்டு எந்திரிச்சாரு பாருங்க, நான் எண்ணிட்டு இருந்த 500 ரூவாக் கட்டு விட்டுப் போச்சு. மறுபடி முதல்ல இருந்து எண்ணினேன். அரை மணி நேரத்துல ஆபீஸ் முழுக்க முட்டை பப்ஸும் டீயும் வந்துச்சு, அவரு செலவு. அவருக்கு வருசம் பன்னெண்டரை லட்சம் வருதுங்க. இந்த மார்ச்சுல இருந்தே பிடிக்க மாட்டாங்கன்னு ஒரே சந்தோஷம்.

நான் பப்ஸை வாங்கி மேசை மேல வெச்சுட்டு என் வேலையைப் பார்த்தேன். "ஏன் மூஞ்சிய தூக்கி வெச்சிருக்கே, நீதான் வரியே கட்டறதில்லையே"ன்னாரு. கிண்டலாத்தான் சொன்னாரு, நல்ல மனுசன். ஆனா ராத்திரி வரைக்கும் அது தொண்டையிலயே நின்னுச்சு.

எனக்குச் சம்பளம் மாசம் 19,500. வீட்டுக்காரர் வேற கம்பெனியில கட்டிங் மாஸ்டர், 31,000. லைன் வீடு, வாடகை 7,500. ரெண்டு பேருமே வருமான வரிக்குப் பக்கத்துல கூடப் போனதில்லை, அது வாஸ்தவம். ஆனா நாள் பூரா ஜிஎஸ்டி பில்லை கம்ப்யூட்டர்ல ஏத்தற எனக்கே "நீ வரி கட்டறதில்லை"ன்னா எப்படிங்க? ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து ஜனவரி மாச பில்லையெல்லாம் எடுத்தேன்.

பேஸ்ட், சோப்பு, சோப்புத்தூள், ஷாம்பு, தேங்காய் எண்ணெய் இல்லாம வேற தலைக்கு வைக்கற எண்ணெய், பிஸ்கட், எல்லாம் அப்போ 18 சதவீத அயிட்டம், மொத்தம் 1,062 ரூவா. அதுல வரி 162. சமையல் எண்ணெய் 5 லிட்டர் 840, அதுல 5 சதவீதம்னு 40. ரெண்டு ஃபோன் ரீசார்ஜ் 598, அதுல 91. அப்பறம் ஃபேமிலிக்கு எடுத்த மெடிக்கல் பாலிசி அந்த மாசம்தான் கட்டினோம், 12,000 பிரீமியத்துக்கு மேல 2,160 ஜிஎஸ்டி. ஸ்கூட்டிக்கு 18 லிட்டர் பெட்ரோல். அந்த மாசம் லிட்டருக்கு 19 ரூவா 90 பைசா மத்திய அரசு கலால் வரின்னு படிச்சேன், அது 358. மாநிலத்து வாட் வரியை நான் சேர்க்கவே இல்லை. கூட்டினா 2,811 ரூவா. என் சம்பளத்துல ஏழுல ஒரு பங்குங்க!

அரிசிக்கு மட்டும் வரி இல்லை. ஏன்னு கேளுங்க. 25 கிலோ வரைக்கும் பேக் பண்ணி லேபிள் ஒட்டினா 5 சதவீதம்னு 2022 ஜூலையில கொண்டு வந்தாங்க. அன்னையில இருந்து எங்க கடைக்காரர் 26 கிலோ சிப்பமா இறக்கறாரு. அந்த ஒரு கிலோ எங்களுக்காக இல்ல, சட்டத்துக்காக.

ரெண்டாவது விசயம். அப்பா ஸ்பின்னிங் மில்லுல இருந்து ரிட்டயர்டு, வயசு 67. பிஎஃப் பென்ஷன் மாசம் 1,640 ரூவா. செட்டில்மென்ட் பணம் 9 லட்சத்தை ஏழரை வட்டிக்கு பேங்க்ல போட்டு வெச்சிருக்காரு. பாஸ்புக் என்ட்ரி போட்டுட்டு வந்து காட்டறாரு, டிடிஎஸ்னு, அதாவது வட்டி தர்றப்பவே பிடிச்சுக்கற வரின்னு, 6,750 எடுத்திருக்காங்க. நாலு மாச பென்ஷனுக்கு மேல! கவுன்டர்ல கேட்டதுக்கு "ஃபார்ம் கொடுக்கலை"ன்னு ஒத்தை வார்த்தை. ஃபார்ம்னு ஒண்ணு இருக்கறதே அப்பத்தான் அவருக்குத் தெரியும். அந்தப் பணம் திரும்பி வருங்களா? இந்த பட்ஜெட்டுல பெரியவங்களுக்கு என்னமோ மாத்தியிருக்காங்கன்னு சொல்றாங்களே, அது எங்களுக்குப் பொருந்துமா?

மத்தபடி கோபமெல்லாம் இல்லை. நியூஸ்ல நிதியமைச்சர் குறள் சொன்னப்போ என் பொண்ணு (எட்டாவது) டிவிக்கு முன்னாடியே "மன்னவன் கோல்நோக்கி வாழுங் குடி"ன்னு முடிச்சுட்டா. எங்க வீட்டுக்கு வந்து சேர்ந்தது இதுவரைக்கும் அது ஒண்ணுதான்.

ஈரோட்டு_ஃபைலிங் – 3 பிப்ரவரி

ஏம்மா, முதல்ல அப்பா பணம். முழுசா திரும்பி வரும், கவலையே வேண்டாம்.

9 லட்சத்துக்கு ஏழரைன்னா வட்டி 67,500. இப்போ இருக்கற கணக்குப்படி 60 வயசு தாண்டினவங்களுக்கு ஒரு பேங்க்ல வருச வட்டி 50,000 தாண்டினா 10 சதவீதம் பிடிச்சே ஆகணும். பிடிச்சது அரசாங்கத்துக்கு அப்பா பான் நம்பர்ல போயிருக்கும். 26ஏஎஸ்னு, ஒருத்தர் பேருல பிடிச்ச வரியைக் காட்டற அறிக்கை இருக்கு, அதுல பாருங்க, 6,750 அப்படியே உட்கார்ந்திருக்கும். அப்பாவுக்குப் பென்ஷனையும் சேர்த்தாலும் ஒரு லட்சம் கூட வரலை, அதனால வரி பூஜ்யம். ஏப்ரலுக்கு மேல ஐடிஆர்-1ங்கற வருமான வரி ரிட்டர்ன் போட்டா ரீஃபண்ட் வந்துடும். ரிட்டர்ன் போட்டதும் ஆதார் ஓடிபி கொடுத்து வெரிஃபை பண்ணணும். பாதிப் பேரு அதை மறந்துட்டு "ரீஃபண்ட் வரலை"ன்னு எங்க ஆபீஸ் படி ஏறுவாங்க. பேங்க் கணக்கையும் போர்ட்டல்ல வேலிடேட் பண்ணி வெச்சுக்குங்க.

பட்ஜெட்டுல மாத்தினது இதுதான்: அந்த 50,000 வரம்பு வர்ற ஏப்ரல் 1-ல இருந்து ஒரு லட்சம். அப்போ அப்பா வட்டியில இனிமே பிடிக்கவே கூடாது. இருந்தாலும் ஏப்ரல் முதல் வாரமே, எனக்கு வரி வராது, பிடிக்காதீங்கன்னு பெரியவங்க எழுதிக் கொடுக்கற 15ஹெச் ஃபார்மைக் கொடுத்து, ஒரு காப்பியில சீல் வாங்கிடுங்க. அந்த ஃபார்ம் ஒவ்வொரு வருசமும் புதுசா கொடுக்கணும்.

அப்பறம் உங்க மேனேஜர். பாவம், அவசரப்பட்டுட்டாரு. இந்த 12 லட்சம் 2025 ஏப்ரல்ல ஆரம்பிக்கிற வருசத்துக்குத்தான். பன்னெண்டரைல சம்பளக்காரங்களுக்குன்னு விடற நிலையான கழிவு 75,000-ஐக் கழிச்சா 11.75 லட்சம். கழிவு கம்மி, வரி விகிதமும் கம்மின்னு இருக்கற புது வரி முறையில இருக்காருன்னா இந்த வருசக் கணக்குக்கு (2024-25) 76,250, மேல 4 சதவீத செஸ், ஆக 79,300. மார்ச் வரைக்கும் பிடிப்பாங்க. அடுத்த வருசம்தான் பூஜ்யம்.

சனிக்கிழமை மத்தியானத்துல இருந்து எனக்கு வர்ற ஃபோன் எல்லாம் ஒரே மாதிரி: "12 லட்சத்து 10 ஆயிரம் வந்தா 61,500 கட்டணுமா, 10,000 சம்பளத்தை வேண்டாம்னு சொல்லிடட்டுமா?" வேண்டாம் சாமி. வரிக்கு உட்பட்ட வருமானம் 12 லட்சத்தை எவ்வளவு தாண்டுதோ அதுக்கு மேல வரி போகாது. 10,000 தாண்டினா 10,000தான். கிட்டத்தட்ட 12 லட்சத்து 70 ஆயிரம் வரைக்கும் இந்தச் சலுகை ஓடும். ஆனா ஷேர் வாங்கி வித்த லாபத்துக்கு இந்த 12 லட்சம் தள்ளுபடி கிடையாது. அதை யாருமே கேட்க மாட்டேங்கறாங்க, ஜூலையில அழுதுட்டு வருவாங்க.

ஓஎம்ஆர்_கைதி – 4 பிப்ரவரி

அக்கா, தப்பா நினைக்காதீங்க. வருசத்துக்கு ஒரு தடவை கட்டற பாலிசியை ஜனவரி கணக்குல போட்டு "ஏழுல ஒரு பங்கு"ன்னா அது நியாயமில்ல. பன்னெண்டால வகுங்க.

அப்புறம் எங்களைப் பார்த்து எல்லாருக்கும் ஒரு பொறாமை. எங்க சம்பளம் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே வரி போயிடுது. மீதியில நீங்க கட்டற அதே ஜிஎஸ்டியை நாங்களும் கட்டறோம். எனக்கு 18 லட்சம் வரி வருமானம்னு வைங்க, 70,000 மிச்சம்னு நியூஸ்ல போடறான். அது புது முறையில இருக்கறவனுக்கு. நான் பெரும்பாக்கத்துல ஃபிளாட் வாங்கி, வீட்டுக்கடன் வட்டி, 80சி (எல்ஐசி மாதிரி சேமிப்புக்கான கழிவு), வாடகைப்படின்னு, இதையெல்லாம் கழிக்க விடற பழைய முறையில மாட்டிக்கிட்டு இருக்கேன். பழைய முறையை அவங்க தொடவே இல்ல. இப்போ கணக்குப் போட்டுப் பார்த்தா புதுசுக்குத் தாவறதுதான் லாபம். ஆனா வரிக்காகவே பத்து வருசமா பிரீமியம் கட்டி வெச்சிருக்கற எல்ஐசியை என்ன பண்றது, ஊறுகா போடறதா?

நிட்டிங்_ஓனர்_அவிநாசி – 4 பிப்ரவரி

ரெண்டு பேரும் வரியையே பேசிட்டு இருக்கீங்க. நம்ம ஊரு சோத்துல கை வைக்கிற விசயம் பட்ஜெட்டுல ஒரே வரியில போச்சு, யாரும் பப்ஸ் வாங்கலை.

பின்னல் துணி இறக்குமதிக்கு இதுவரைக்கும் 10 சதவீதம், சில ரகத்துக்கு 20 சதவீதம். இப்போ ஒன்பது ரகத்துக்கு "20 சதவீதம் அல்லது கிலோவுக்கு 115 ரூவா, எது அதிகமோ அது"ன்னு மாத்தியிருக்காங்க. அந்த 115-லதான் சூட்சுமம் இருக்குது. சும்மா சதவீதம் மட்டும் இருந்தா, வெளியில இருந்து கொண்டாரவன் 300 ரூவா துணிக்கு 100 ரூவான்னு பில் போட்டுக் காட்டுவான், 20 ரூவாயோட தப்பிச்சுக்குவான். இப்போ பில்லு 100 போட்டாலும் 115 கட்டியாகணும். துணியை விட வரி ஜாஸ்தி! பில்லைக் குறைச்சுப் போடறதுல அர்த்தமே இல்லாமப் போச்சு. எங்கிட்ட 14 மிஷின் இருக்கு, தீபாவளிக்கு அப்பறம் ஆறுதான் ஓடுது. இன்னும் ரெண்டு ஓடினா உங்க கட்டிங் மாஸ்டருக்கும் வேலை நிக்காது.

முழுசா நம்பவும் மாட்டேன். துணியா வந்தாத்தான் இந்த வரி. பங்களாதேஷுல தைச்சு டீ-ஷர்ட்டா கொண்டு வந்தா சுங்க வரி கிடையாது. அந்தக் கதவு தொறந்தேதான் கிடக்குது.

பட்ஜெட்டுல நல்லதுன்னு நினைச்சுப் போடறது நம்ம மேலயே விழறதும் உண்டு. சின்னக் கம்பெனிக்கு 45 நாளுக்குள்ள பணம் கொடுக்கலைன்னா, வேலை கொடுத்தவங்க அந்தச் செலவை வருமான வரிக் கணக்குல கழிக்க முடியாதுன்னு 2023-ல போட்டாங்க. கேட்கறப்போ தேன் மாதிரி இருந்துச்சு. அடுத்த மார்ச்சுல ஒரு பார்ட்டி, பேரு வேண்டாம், என்கிட்ட "உத்யம் ரெஜிஸ்ட்ரேஷனை கேன்சல் பண்ணிட்டு வா, வேலை தர்றேன்"னாரு. சின்னக் கம்பெனின்னு அரசாங்கத்துல பதிஞ்சு வெக்கறதுதான் அது. இருபது வருசப் பழக்கம். டீ வாங்கிக் கொடுத்துத்தான் சொன்னாரு.

ஈரோட்டு_ஃபைலிங் – 4 பிப்ரவரி

ஓஎம்ஆர் தம்பிக்கு: எல்ஐசியைத் தூக்கிப் போட்டுடாதீங்க, சரண்டர் பண்ணினா எவ்வளவு வரும்னு கேட்டுட்டு அப்பறம் முடிவு பண்ணுங்க. பாலிசிய வரிக்காக எடுத்ததுதான் தப்பு, கட்டினது தப்பில்ல.

திருப்பூர் அம்மாவுக்கு ஒண்ணு. பாலிசி மேல போட்ட 18 சதவீதத்தை பட்ஜெட்டுல தேடாதீங்க. அது ஜிஎஸ்டி கவுன்சில் சமாச்சாரம், எல்லா மாநில அமைச்சரும் உட்கார்ந்து முடிவு பண்றது. டிசம்பர்ல ஜெய்சல்மேர்ல கூடினப்போ இதை எடுத்துட்டு, அப்பறம் பார்க்கலாம்னு தள்ளி வெச்சுட்டாங்க. பன்னுக்கு வரி இல்லை, உள்ள வெச்ச கிரீமுக்கு 18-னு கோயமுத்தூர்ல போன செப்டம்பர்ல ஒருத்தர் கேட்டாரே, அந்தக் கேள்விக்கும் விலாசம் அந்தக் கவுன்சில்தான்.

பில்_ஏத்துறவ – 6 பிப்ரவரி

எல்லாருக்கும் நன்றிங்க.

ஓஎம்ஆர் தம்பி சொன்னது சரி. பாலிசி வரியைப் பன்னெண்டால வகுத்தா மாசம் 180. அப்போ மாசத்துக்கு 831 ரூவா, வருசத்துக்கு 9,972. பத்தாயிரத்துக்கு 28 ரூவா குறைச்சல். ஏழுல ஒரு பங்குன்னு எழுதினதை வாபஸ் வாங்கிக்கறேன். ஆனா தம்பி, உங்களுக்கு 70,000 மிச்சமா இல்லையான்னு கணக்குப் பார்க்க ஒரு நோட்டு இருக்கு. இந்த 9,972-ஐ எந்த முறைக்குத் தாவிக் குறைக்கறதுன்னு எனக்குத் தெரியலை. 26 கிலோ சிப்பம் மாதிரி யாராச்சும் கடைக்காரர் கண்டுபிடிச்சாத்தான் உண்டு.

நிட்டிங் அண்ணா சொன்னதை வீட்டுக்காரர்கிட்ட படிச்சுக் காட்டினேன். "115 ரூவாயா? அப்போ ரெண்டு மாசத்துல, வெட்டறதுக்குத் துணியை விரிச்சு அடுக்கற லே டேபிளைப் பார்த்தாத் தெரிஞ்சு போயிடும்"னு மட்டும் சொன்னாரு. அவரு எப்பவுமே அவ்வளவுதான் பேசுவாரு.

அப்பாவோட 26ஏஎஸ் எடுத்துப் பார்த்தாச்சு, 6,750 பைசா பிசகாம இருக்கு. ஃபோன்ல அதைப் பெருசு பண்ணிக் காட்டினேன். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு மறுபடி பார்த்தாரு. "அரசாங்கம் எம் பேருல பணம் வெச்சிருக்குதா?"ன்னு கேட்டாரு. ஆமாப்பா, நம்ம பணம்தான்னேன். 15ஹெச் ஃபார்ம் ரெண்டு பிரின்ட் எடுத்து பாஸ்புக்குக்குள்ள மடிச்சு வெச்சுக்கிட்டாரு. ஏப்ரல் 1-ந் தேதி வருசக் கணக்கு முடிக்கிற நாளு, பேங்க்ல வேலை ஆகாதுப்பா, ரெண்டாந்தேதி போயிக்கலாம்னா கேக்க மாட்டேங்கறாரு.

மேனேஜர் அண்ணாகிட்டயும் மெதுவாச் சொன்னேன், மார்ச் வரைக்கும் பிடிப்பாங்களாம்னு. நம்பலை. ஹெச்ஆருக்கு ஃபோன் போட்டாரு. வெச்சுட்டு ரொம்ப நேரம் துணி மாதிரி ஒட்டின ஸ்வாட்ச் புக்கையே புரட்டிட்டு இருந்தாரு. அப்பறம், "அன்னைக்கு பப்ஸ் எத்தனை வாங்கினேன்?"ன்னு கேட்டாரு. நாற்பத்திரண்டுங்கண்ணான்னு சொன்னேன். பில்லு எங்கிட்டதான் இருக்கு.