முதல் நிலைக் கருப்பை உட்படலப் புற்றுநோய்க்கு பி53 மாற்றத்தால் கீமோதெரபி ஏன்?

கேள்வி: கருப்பை நீக்க அறுவைக்குப் பிறகு வந்த என் அத்தையின் திசு அறிக்கையில், கட்டி தசைச்சுவருக்குள் பாதிக்கும் குறைவாகவே ஊடுருவியுள்ளது என்றும் ‘பி53 இயல்புக்கு மாறானது’ என்றும் உள்ளது. முதல் நிலை என்று முன்பு சொன்ன மருத்துவர், இப்போது கதிர்வீச்சுடன் கீமோதெரபியும் தேவை என்கிறார். ஏன்?

பதில் 1: பி53 என்பது கட்டி உருவாகாமல் தடுக்கும் மரபணு; அது பழுதான கட்டிகள் தீவிரமானவை. 2023ஆம் ஆண்டின் ஃபிகோ (பன்னாட்டு மகப்பேறு, மகளிர் நோயியல் கூட்டமைப்பு) நிலைப்பகுப்பில், தசைக்குள் ஊடுருவிய, பி53 மாறிய கட்டி இரண்டாம் நிலையாகவே கொள்ளப்படுகிறது. கதிர்வீச்சு மட்டும் தருவதையும் அதனுடன் கீமோதெரபி சேர்ப்பதையும் அதிக ஆபத்துள்ள நோயாளிகளிடம் ஒப்பிட்ட போர்டெக்-3 ஆய்வின் திசுக்களை மரபணு வகைவாரியாகப் பிரித்து 2020இல் வெளியிட்ட பகுப்பாய்வில், பி53 பிரிவினருள் ஐந்தாண்டுகள் நோய் திரும்பாமல் இருந்தோர் கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் சுமார் 36 விழுக்காடு. கீமோதெரபியும் சேர்த்துப் பெற்றவர்களில் சுமார் 59 விழுக்காடு. இவ்வளவு பெரிய வேறுபாட்டை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

பதில் 2: பி.ஓ.எல்.இ. மரபணுச் சோதனை செய்யப்பட்டதா என்று கேளுங்கள். டி.என்.ஏ. படியெடுக்கும்போது பிழை திருத்தும் அந்த மரபணு பழுதானால் கட்டியில் மாற்றங்கள் மிகுதியாகக் குவிகின்றன. அதனால் நோயெதிர்ப்பு மண்டலம் அதை எளிதில் அடையாளம் காண்கிறது என்று கருதப்படுகிறது. பி.ஓ.எல்.இ., பி53 ஆகிய இரண்டு மாற்றங்களும் சேர்ந்திருந்தால், நோய் அரிதாகவே திரும்பும் பி.ஓ.எல்.இ. வகையாகவே அது கணக்கிடப்படும். (செலவைக் காரணம் காட்டிச் சில இடங்களில் தவிர்க்கப்படும் சோதனை இது.)

பதில் 3: பொருத்தப்பிழை திருத்தும் புரதங்களின் (டி.என்.ஏ. எழுத்துகள் தவறாக இணைவதைச் சரிசெய்யும் எம்.எம்.ஆர். புரதங்கள்) முடிவையும் பாருங்கள். அவை குறைந்திருந்தால், லிஞ்ச் நோய்த்தொகுதி (கருப்பை, குடல் புற்றுநோய்களின் ஆபத்தைக் கூட்டும் பரம்பரைக் குறைபாடு) குடும்பத்தில் உள்ளதா என்பதையும் ஆராய வேண்டியிருக்கும்.